அணையாத மஞ்சள் விளக்கு... உப்புக்காற்றில் ஓடும் பிக்கப்களில் ஏ.பி.எஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் புன்னைக்காயல். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல். ஒரு காலத்தில் முத்துக்குளித்துறையின் முக்கியமான துறைமுகம். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழுக்குத் தந்த அண்ட்ரீக் அடிகளார் வாழ்ந்த ஊரும் இதுதான். இன்று இந்தக் கரைக்கு வந்து சேர்வது முத்து அல்ல, மீன். வள்ளத்திலிருந்து இறங்கும் மீன் ஐஸ் பெட்டிக்குள் போய், பிக்கப் வண்டியில் ஏறி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல், முத்தையாபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போக வேண்டும். சந்தை யாருக்காகவும் காத்திருக்காது. ஐஸும் காத்திருக்காது.

இப்படி நேரத்தோடு போட்டி போட்டு ஓடும் வண்டியின் டேஷ்போர்டில், வட்டத்துக்குள் ‘ஏ.பி.எஸ்’ என்று எழுதிய மஞ்சள் விளக்கு ஒருநாள் எரியத் தொடங்குகிறது. பிரேக் பிடிக்கத்தான் செய்கிறது. வண்டி நிற்கத்தான் செய்கிறது. ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஓட்டுகிறார்கள். பிறகு ஒர்க்‌ஷாப்பில் ஒரு சென்சார் மாற்றுகிறார்கள். விளக்கு அணைகிறது. பத்து நாளில் திரும்ப எரிகிறது. இன்னொரு சென்சார். மறுபடியும் அதே கதை. பணம் போகிறது, கோளாறு போகவில்லை.

கடற்கரையோரம் ஓடும் வண்டிகளில் இந்தத் தொல்லை ஏன் விடாமல் துரத்துகிறது? சரியான காரணத்தை எப்படிப் பிடிப்பது?

ஏ.பி.எஸ் என்னதான் செய்கிறது?

அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டுச் சாலையில் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் சக்கரத்துக்குத் திசை தெரியாது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். அல்லது பின்பக்கம் சுழன்று குறுக்கே நிற்கும். இதைத் தடுப்பதுதான் ஏ.பி.எஸ்-ஸின் வேலை.

ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சிறிய சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையத்தின் பற்களை அது எண்ணிக்கொண்டே இருக்கும். நான்கு சக்கரங்களின் கணக்கும் ஒரு கன்ட்ரோல் யூனிட்டுக்குப் போகும். மூன்று சக்கரம் சுழல, ஒன்று மட்டும் சட்டென்று நின்றுவிட்டால், ‘இது லாக் ஆகிவிட்டது’ என்று யூனிட் முடிவுசெய்து, அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தும். சக்கரம் சுழன்றதும் மறுபடி அழுத்தும். ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும். அப்போது காலுக்கடியில் பெடல் படபடவென்று உதறுவது அதனால்தான். அது கோளாறு அல்ல, ஏ.பி.எஸ் வேலை செய்கிறது என்பதன் அடையாளம்.

மின்னணு முறையில் இயங்கும் இந்த ஏ.பி.எஸ்-ஸை 1978-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தயாரித்தது. மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது முதலில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கும், 125 சி.சி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் இது கட்டாயம். பிக்கப்களில் மாடலுக்கு மாடல் வசதி மாறுகிறது. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பிக்கப்புக்கு ஏ.பி.எஸ் கூடுதலாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. லோடு ஏற்றினால் பின்பக்கம் கனம். இறக்கிவிட்டால் பின்பக்கம் இலவம்பஞ்சு மாதிரி. காலியாகத் திரும்பும் பிக்கப்பில் பிரேக்கை ஓங்கி மிதித்தால், எடை இல்லாத பின்சக்கரங்கள்தான் முதலில் லாக் ஆகும். மீனை இறக்கிவிட்டு ஈரச் சாலையில் வெறும் வண்டியாகத் திரும்பும் நேரம்தான் உண்மையில் ஆபத்தான நேரம்.

அமெரிக்காவில் 8 லட்சம் வண்டிகளுக்கு வந்த அதே நோய்

இது கடலோரத்துக்கு மட்டும் வந்த பிரச்னை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1999 முதல் 2002 வரையிலான மாடல்களில் சுமார் 8 லட்சம் பிக்கப்களையும் எஸ்.யூ.வி-க்களையும் ஏ.பி.எஸ் கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. செவ்ரோலெட் சில்வராடோ, ஜி.எம்.சி சியரா ஆகிய பிக்கப்கள் அந்தப் பட்டியலில் இருந்தன.

கவனிக்க வேண்டிய விஷயம், எந்தப் பகுதி வண்டிகள் அழைக்கப்பட்டன என்பது. நாடு முழுக்க உள்ள வண்டிகள் அல்ல. பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனியைக் கரைக்க உப்புத் தூவுகிற குளிர் மாநிலங்களின் வண்டிகள் மட்டும்தான்.

உப்பும் ஈரமும் சேர்ந்து, முன்சக்கர ஹப்பில் சென்சார் உட்காரும் இடத்தைத் துருப்பிடிக்க வைத்தன. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சென்சாருக்கு அடியில் துரு உப்ப, சென்சார் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கப்பட்டது. பல் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். அது கூடியபோது சிக்னல் பலவீனமானது.

வேகமாகப் போகும்போது சிக்னல் ஓரளவு கிடைத்தது. வண்டி நிற்கப்போகும் கடைசிக் கட்டத்தில், மிகக் குறைந்த வேகத்தில், அந்தச் சக்கரத்தின் சிக்னல் மட்டும் காணாமல் போனது. யூனிட் என்ன நினைக்கும்? ‘சக்கரம் லாக் ஆகிவிட்டது’ என்று நினைத்து, பிரேக் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். டிரைவர் நிறுத்த மிதிக்கிறார், வண்டி விட்டுக்கொடுக்கிறது.

மெதுவான வேகம்தானே என்று தோன்றலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 4 மீட்டருக்கு மேல் நகரும். அரை நொடி பிரேக் தளர்ந்தாலே 2 மீட்டர். சிக்னலில் முன்னால் நிற்கும் ஸ்கூட்டருக்கும் பம்ப்பருக்கும் இடையே அவ்வளவு இடம்கூட இருக்காது.

தீர்வு என்னவாக இருந்தது தெரியுமா? பல வண்டிகளில் பெரிய பாகம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தின் துருவைச் சுத்தம் செய்து, மறுபடி துருப்பிடிக்காமல் இருக்கப் பூச்சு கொடுத்தார்கள். தேவையான அளவு சிக்னல் தராத சென்சார்களை மட்டும் மாற்றினார்கள்.

பனி நாட்டுக்கு லாரியில் ஏற்றிவந்து தூவிய உப்பு செய்த வேலையை, புன்னைக்காயல் பக்கம் காற்றும் தண்ணீரும் இலவசமாகவே செய்துகொண்டிருக்கின்றன.

உப்பு எப்படி உள்ளே புகுகிறது?

பழையகாயல், முத்தையாபுரம், ஆறுமுகநேரி என்று இந்தப் பாதை நெடுகிலும் உப்பளங்கள். கடல் காற்றில் உப்பு. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரிலும் உப்பு. அந்தத் தண்ணீர் லோடு பாடியின் ஓட்டை வழியாக இறங்கி, பின் அச்சின்மேலும் பின்சக்கர வயர்களின்மேலும்தான் வடிகிறது. கரைக்குப் பக்கத்தில் இறங்கும் வண்டியின் சக்கரம், ஈர மணலையும் சேர்த்து வாரிக்கொண்டு வருகிறது.

உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. அதனால் உப்புப் படிந்த இரும்பு, மழை இல்லாத நாளிலும் முழுசாகக் காய்வதில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தையும் கடத்தும். இந்த இரண்டும் சேர்ந்து நான்கு இடங்களைக் கெடுக்கின்றன.

முதலாவது, சென்சார் உட்காரும் இடம். அங்கே துரு உப்பினால் இடைவெளி கூடும்.

இரண்டாவது, பல் வளையம். வளையத்துக்கு அடியில் துரு உப்பும்போது வளையம் மெல்லியதாக விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் மட்டும் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கணக்குத் தப்பும்.

மூன்றாவது, கனெக்டர். உள்ளே இருக்கும் பின்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே களிம்புதான்.

நான்காவது, வயர். இதுதான் பெரும்பாலும் ஏமாற்றும். மேலே ரப்பர் உறை நன்றாக இருக்கும். உள்ளே, விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி செம்பு இழைகள் வழியே உப்புத் தண்ணீர் ஏறி, நீளத்துக்கும் கறுத்துப்போயிருக்கும்.

விளக்கு எப்போது எரிகிறது? அதுதான் முதல் தடயம்

‘அண்ணாச்சி, ஏ.பி.எஸ் லைட்டு எரியுது, பார்த்து அணைச்சு விடுங்க’ என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வந்தால், மெக்கானிக்குக்குப் பாதித் தகவல்தான் கிடைக்கும். எப்போது எரிகிறது என்று சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

சாவி போட்டதும் எல்லா வண்டியிலும் அந்த விளக்கு சில நொடிகள் எரிந்து அணையும். அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம். அணையாமல் நின்றபடியே எரிந்தால், வயர் அறுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், சென்சாரின் மின்சுற்று கெட்டிருக்கலாம்.

அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் எரிந்தால், மின்சுற்று சரி. ஏதோ ஒரு சக்கரத்தின் கணக்கு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள். இடைவெளி, பல் வளையம், பேரிங் மூன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

பள்ளத்தில் இறங்கினாலோ வளைவில் திரும்பினாலோ மட்டும் எரிந்தால், வயர் எங்கோ உரசுகிறது, அல்லது ஹப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

ஸ்டார்ட் செய்யும்போது எரிந்து, கூடவே வேறு விளக்குகளும் மினுக்கினால், பேட்டரியும் எர்த்தும் பார்க்க வேண்டியவை.

விளக்கே எரியவில்லை, ஆனால் மெதுவாக நிறுத்தும்போது பெடல் உதறி வண்டி முன்னே நழுவுகிறது என்றால், அமெரிக்காவில் நடந்த கதைதான் இங்கேயும் நடந்துகொண்டிருக்கலாம். விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

சிறியதிலிருந்து பெரியதுக்கு: கண்டுபிடிக்கும் வரிசை

வீட்டில் மின்விசிறி ஓடவில்லை என்றால் முதலில் சுவிட்சைப் பார்ப்போம். மோட்டாரைக் கழற்ற மாட்டோம். இங்கேயும் அதே நியாயம்தான். செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்.

*1. டயர், பிரேக் ஆயில், பேட்டரி:* நான்கு டயரும் கம்பெனி சொன்ன அளவுதானா? ஒன்று மட்டும் வேறு அளவாக இருந்தால் அது வேறு வேகத்தில் சுழலும், யூனிட் குழம்பும். காற்று சரியா? பிரேக் ஆயில் குறிக்குள் இருக்கிறதா? நல்ல பேட்டரி இன்ஜின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஏ.பி.எஸ் ஃபியூஸையும், சேஸிஸில் எர்த் வயர் பிடிக்கும் போல்ட்டையும் பார்க்க வேண்டும். எர்த் போல்ட்டைத் துரு நீக்கி இறுக்கியதிலேயே முடிந்துபோகும் கோளாறுகள் உண்டு.

*2. ஸ்கேனர்:* மலிவு விலையில் கிடைக்கும் பல ஸ்கேனர்கள் இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏ.பி.எஸ்-ஸைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். ஏ.பி.எஸ் கோடுகள் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். பொதுப் பட்டியலில் சி0035 என்றால் இடது முன்சக்கரம், சி0040 என்றால் வலது முன்சக்கரம். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால், அந்த வண்டியின் பட்டியலை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இங்கேதான் முக்கியமான தவறு நடக்கிறது. ‘இடது முன் சென்சார்’ என்று கோடு வந்தால், சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த மூலையிலிருந்து சரியான தகவல் வரவில்லை என்றுதான் அர்த்தம். காரணம் சென்சாராக இருக்கலாம், வயராக இருக்கலாம், கனெக்டராக, வளையமாக, பேரிங்காக இருக்கலாம். ஸ்கேனர் தெருவைக் காட்டும். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

*3. ஓட்டிப் பார்ப்பது:* கோடைக் குறித்துக்கொண்டு, அழித்துவிட்டு, ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாகத் திறந்துவைக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாத, நேரான சாலையில் மெதுவாகப் போய் மெதுவாக நிறுத்த வேண்டும். நான்கு எண்களும் ஒன்றாகக் குறைந்து ஒன்றாகப் பூஜ்யத்துக்கு வந்தால் சரி. மூன்று சக்கரம் 8, 7, 6 என்று இறங்கும்போது ஒன்று மட்டும் முன்கூட்டியே பூஜ்யத்துக்கு விழுந்தால், கள்ளன் அந்த மூலையில்தான். விளக்கு எரியாத கோளாறைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

*4. கண்ணால் பார்ப்பது:* வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி நிறுத்தாமல் ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகு, அந்த மூலையின் வயரை முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினால் வயர் இழுபடுகிறதா? கிளிப் உடைந்து தொங்குகிறதா? பழைய ஒட்டு, அதன்மேல் கறுப்பு டேப் இருக்கிறதா? இருந்தால் அதைப் பிரித்துப் பார்க்காமல் நகரக் கூடாது. கனெக்டரைக் கழற்றிப் பச்சை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

*5. மல்ட்டிமீட்டர்:* பழைய வகை சென்சாரில் ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். இதில் பொதுவாக 1,000 முதல் 2,500 ஓம் வரை மின்தடை காட்டும். அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் ஒரே அச்சின் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிய ஏ.சி வோல்ட்டேஜ் வரும். அதையும் இரு பக்கமும் ஒப்பிட வேண்டும். மீட்டரைப் பார்த்தபடியே வயரை அங்கங்கே அசைத்துப் பார்த்தால், உள்ளே அறுந்த இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

புதிய வகை சென்சார்களுக்கு இந்த ஓம் சோதனை கூடாது. அவற்றுக்குள் மின்னணுச் சில்லு உண்டு. யூனிட்டிலிருந்து மின்சாரம் போனால்தான் அவை வேலை செய்யும். ஓம் மீட்டரை வைத்தால் ஒன்றும் தெரியாது. சென்சார் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. எந்த வகை என்று தெரிந்துகொண்டு கைவைப்பதே புத்திசாலித்தனம்.

*6. இடம் மாற்றிப் பார்ப்பது:* இடதும் வலதும் ஒரே மாதிரி சென்சார் என்றால், இரண்டையும் மாற்றிப் போட்டு ஓட்டலாம். கோடு பக்கம் மாறினால் சென்சார்தான் குற்றவாளி. பழைய பக்கத்திலேயே நின்றால் சென்சார் நிரபராதி; வயரையும் வளையத்தையும் தேட வேண்டும். புது சென்சார் வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது.

*7. வளையமும் பேரிங்கும்:* சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். விரிசல், உடைந்த பல், இரும்புத்தூள் ஒட்டிய இடம் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் ஆடினால் இடைவெளியும் ஆடும். சில வண்டிகளில் பல் வளையமே தனியாக இருக்காது. பேரிங் சீலிலேயே காந்தப் பட்டையாக இருக்கும். அதில் பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் சென்சாருக்கு எதுவுமே தெரியாது. பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

*8. கன்ட்ரோல் யூனிட்:* மேலே உள்ள ஏழும் சரி என்று உறுதியான பிறகுதான் யூனிட்டின்மேல் சந்தேகம் வர வேண்டும். செலவு அதிகம் வைக்கும் பாகம் அது. மாற்றினாலும் பல வண்டிகளில் ஸ்கேனரை வைத்துப் பதிவுசெய்து, பிரேக் லைனில் காற்று எடுத்தால்தான் வேலை முடியும். முதல் நாளே ‘யூனிட் போச்சு’ என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று பணிவாகக் கேட்கலாம். கேட்பதில் தவறே இல்லை.

திரும்பத் திரும்ப வருவது ஏன்?

சென்சார் மாற்றியதும் விளக்கு அணைகிறது; பத்து நாளில் திரும்புகிறது. காரணம் எளிமையானது. சென்சாரைக் கழற்றி மாட்டும்போது கனெக்டரும் ஒருமுறை கழன்று மாட்டப்படுகிறது. களிம்பு கொஞ்சம் உரசிப் போகிறது. தற்காலிகமாகத் தொடர்பு கிடைக்கிறது. ‘சென்சார் மாத்தினதும் சரியாயிடுச்சு’ என்று தோன்றுகிறது. களிம்பு திரும்பப் பிடிக்கும்போது விளக்கும் திரும்புகிறது.

வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் இதே மாதிரிதான். உள்நாட்டில் ஓடும் வண்டிக்கு அது சில மாதம் தாங்கலாம். உப்புக்காற்றில் தாங்காது. கறுத்த பகுதியை முழுசாக வெட்டி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும் இடம் வரை போய், சால்டர் வைத்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூட வேண்டும். ஒட்டு சக்கரத்தோடு ஆடும் இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு வயரும் முறுக்கியபடி வந்தால் அந்த முறுக்கையும் காப்பாற்ற வேண்டும். வெளிமின்சாரத்தின் தொந்தரவு சிக்னலில் கலக்காமல் இருப்பதற்காகவே அப்படி முறுக்கியிருக்கிறார்கள்.

இன்னும் சிலர் விளக்கின்மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். அல்லது ஃபியூஸையே பிடுங்கிவிடுகிறார்கள். ‘பெடல் உதறல் நின்றுபோச்சு’ என்று நிம்மதியும் வருகிறது. ஆனால், பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை லோடுக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் வேலையையும் பல வண்டிகளில் அதே யூனிட்தான் செய்கிறது. ஃபியூஸோடு சேர்ந்து அதுவும் போய்விடலாம். காலி வண்டியில், மழைச் சாலையில், பின்பக்கம் சுழலும்போதுதான் அது தெரியவரும். விற்கும்போது வாங்குபவர் தலையில் இதைக் கட்டினால், அந்த ஆபத்தில் மாட்டுவது ஒன்றும் அறியாத இன்னொரு குடும்பம்.

வெள்ளம் பார்த்த வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தை மழை புரட்டிப்போட்டது. புன்னைக்காயலுக்குப் பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் தனித்து நின்றன. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிகளில், இன்ஜினைச் சரிசெய்து ஓட்டத் தொடங்கிய பிறகும் கனெக்டருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் புகுந்த சேறு மெதுவாக வேலை செய்யும். கோளாறு மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம்.

பழைய பிக்கப் வாங்குபவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சாவி போட்டதும் ஏ.பி.எஸ் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால், அந்த வண்டியில் ஏ.பி.எஸ் உண்டு என்று தெரிந்திருக்கும் பட்சத்தில், அது இன்னும் பெரிய சந்தேகம். விளக்கை யாரோ பிடுங்கியிருக்கலாம். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

விளக்கு எரிந்தால் ஓட்டலாமா?

மஞ்சள் ஏ.பி.எஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். லாக் ஆகாமல் தடுக்கும் வசதிதான் இருக்காது. வேகத்தைக் குறைத்து, முன் வண்டியிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட்டு, ஒர்க்‌ஷாப் வரை போகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால், முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது பின்சக்கர அழுத்தக் கட்டுப்பாடும் போயிருக்கலாம். லோடு வீணாகிறதே என்று அந்த நிலையில் ஓட்டக் கூடாது. வேறு வண்டி வரவழைத்து மீனை மாற்றி அனுப்பலாம்.

ஏ.பி.எஸ் சரியாக இருக்கும் வண்டியில் அவசரத்துக்குப் பெடலை விட்டுவிட்டு மிதிக்கத் தேவையில்லை. ஓங்கி மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்தபடி, ஸ்டீயரிங்கால் ஒதுங்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: உதிரி மணலிலும் சரளையிலும் ஏ.பி.எஸ் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடலாம். லாக் ஆன சக்கரம் மணலைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ் அப்படிக் குவிய விடாது. கரைப் பாதையில் மெதுவாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வராமல் தடுக்க...

கடற்கரையில் லோடு ஏற்றிய நாளெல்லாம், இரவு வண்டியை நிறுத்தும் முன் சக்கர வளைவுகளையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சாதாரண ஹோஸ் போதும். அதிக அழுத்தத் தண்ணீரைக் கனெக்டரின்மேல் நேராகப் பீய்ச்சினால் அதுவே தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும்.

மீன் பெட்டித் தண்ணீர் அச்சின்மேல் சொட்டாமல், ஒரு குழாய் வைத்துப் பின்பக்கமாக வெளியே விடுங்கள். சில நூறு ரூபாய் வேலை.

பிரேக் ஷூ, பேடு மாற்றும்போதெல்லாம் சென்சாரையும் கழற்றி, உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். கனெக்டர்களில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

பிரேக் ஆயிலும் உப்பு மாதிரியே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். வண்டியின் கையேடு சொல்லும் காலக்கெடுவில், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் ஏ.பி.எஸ் வால்வுகளையும் உள்ளிருந்து அரிக்கும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து, வர்ணம் அடித்து, வலை பின்னுகிற நாள்கள் அவை. தூத்துக்குடி துறைமுக மீனை ஏற்றும் பிக்கப்களுக்கும் ஓட்டம் குறையும் காலம். படகுக்குக் கொடுக்கும் அந்தக் கவனிப்பில் ஒரு நாளை வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் ஒதுக்கினால் போதும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதற்குமேல் நேரம் ஆகாது. அந்த ஒரு மில்லிமீட்டரை நம்பித்தான் விடிகாலை இருட்டில் வண்டி ஓட்டுகிறார்கள். அந்த வண்டி வீடு திரும்பும் என்று நம்பித்தான் வீட்டில் காத்திருக்கிறார்கள்.